அப்பா, அம்மா இருவருக்கும் பாசிட்டிவ், நான் வேறு ஊரில். கையிலிருக்கும் உதவி எண்கள் எதுவும் எடுக்கவில்லை, எங்கே தொடங்குவது?

தூரத்து மகன்
2021 மே, இரவு 9.40

அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இருவருக்கும் கொரோனா பாசிட்டிவ். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஊரடங்கில் வண்டி எதுவும் ஓடவில்லை, நான் உடனே போய்ச் சேர வழியில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கி இன்று ஆறாவது நாள். இருமல் அதிகம். ஆக்சிமீட்டரில் காலையில் 95 காட்டியது, இப்போது 93, 94 என்று மாறி மாறிக் காட்டுகிறது. கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை, நீ தூங்கு" என்கிறார். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுகிறார். சமையல் எல்லாம் அம்மாதான். இன்று அவரால் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல்களை வைத்துக்கொண்டு மதியத்திலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறேன். பாதி எண்கள் ஸ்விட்ச் ஆஃப். எடுத்தவர்கள் "அது போன வாரம் சார், இப்போது இல்லை" என்கிறார்கள். ஒருவர் மட்டும் சிலிண்டர் இருக்கிறது என்றார், ஆனால் முழுப் பணத்தையும் முதலில் அனுப்பச் சொல்கிறார். சித்தப்பா வேறு, ரெம்டெசிவிர் எங்காவது கிடைத்தால் வாங்கி வை என்று நச்சரிக்கிறார். படுக்கையா, சிலிண்டரா, மருந்தா, சாப்பாடா, எதை முதலில் தேடுவது?


நைட் ட்யூட்டி
இரவு 9.52

தம்பி, நான் கொரோனா வார்டில் செவிலியர். முதலில் அந்த 93 உண்மைதானா என்று பார்த்துவிடுவோம்.

அம்மா ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கச் சொல்லுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழிக்க வேண்டும். ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, கையை நெஞ்சோடு வைத்து, ஒரு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். எண் குதிப்பது நின்று ஒரே இடத்தில் நிற்கும்போது அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இன்னொரு எண் தெரியும், அது நாடித்துடிப்பு. அதையும் கேளுங்கள். பதற்றத்தில் நாடித்துடிப்பை ஆக்சிஜன் என்று படித்துச் சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

95, அதற்கு மேல் என்றால் வீட்டிலேயே கவனிக்கலாம். 93, 94 என்றால் இன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். 92, அதற்குக் கீழே போனால் யோசிக்க ஒன்றுமில்லை, ஆம்புலன்ஸ்தான். இன்னொன்று: தோல் கறுப்பாக இருந்தால் இந்தக் கருவி உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதைப் பற்றி ஆய்வு வந்தது, இந்தப் பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் எச்சரித்தது. அதனால் 93 என்பதை 93க்கும் குறைவாக இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஒன்றுமில்லை" என்று அம்மா சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆக்சிஜன் நன்றாக இறங்கிய பிறகும் மூச்சு முட்டாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது இந்த நோயில் சகஜம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் அதிகம் கவனிக்க வேண்டும்.

ரெம்டெசிவிர் தேடலை நிறுத்துங்கள். போன நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனையில் இருப்பவர்களுக்குக்கூட அதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. வீட்டில் வாங்கி வைத்து ஏற்றிக்கொள்கிற மருந்தும் அல்ல. உயிரிழப்பைக் குறைக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் தெரிந்தது டெக்ஸாமெத்தசோன். பழைய மருந்து, மலிவானது. அதுவும் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும்தான் பலன், மற்றவர்களுக்குக் கெடுதலாகக்கூடப் போகலாம். யாரோ சொன்னார்கள் என்று அப்பா அதைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை எகிறும். மருத்துவர் எழுதாமல் வேண்டவே வேண்டாம்.


உதவும் கரம்
இரவு 9.58

கவலைப்படாதீர்கள் சகோ. படுக்கை, ஆக்சிஜன், சாப்பாடு எல்லாவற்றுக்கும் எண்கள் இந்தப் படத்தில் இருக்கின்றன. எல்லோருக்கும் பகிருங்கள்.


மறுபடி கூப்பிடுகிறேன்
இரவு 10.15

மேலே உள்ள படத்தில் தேதி எங்கே இருக்கிறது? யார், எப்போது அழைத்துப் பார்த்தார்கள்?

நான் ஒரு சரிபார்ப்புக் குழுவில் தன்னார்வலர். எங்கள் வேலையே இப்படி வருகிற எண்களை அழைத்துப் பார்த்து, செத்ததை நீக்குவதுதான். படமாக வரும் பட்டியலை யாராலும் திருத்த முடியாது. சிலிண்டர் தீர்ந்த பிறகும் அது ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் ராத்திரி பகலாக அழைப்பு வாங்கி, கடைசியில் போனையே அணைத்துவிடுவார். தம்பிக்கு ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்.

எல்லாத் தகவலும் ஒரே வேகத்தில் கெட்டுப்போவதில்லை. காலிப் படுக்கை என்பது சில மணி நேரத்துத் தகவல். காலையில் பார்த்ததை மாலையில் நம்ப முடியாது. சிலிண்டரும் அப்படித்தான். ஆனால் ஒரு பொதுச் சமையல்கூடம் தொடங்கிவிட்டால் சில வாரமாவது நடக்கும், இரண்டு நாள் பழைய எண்ணாக இருந்தாலும் அழைத்துப் பார்க்கலாம். அரசு உதவி எண், ஆம்புலன்ஸ் எண் மாறவே மாறாது, இணைப்புக் கிடைக்கத்தான் நேரமாகும். அதனால் படுக்கைக்கு ஃபார்வர்டு படங்களைத் தொடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சரிபார்த்த நேரம் போட்டு, பலர் சேர்ந்து திருத்துகிற இணையப் பட்டியல் உங்கள் அம்மா இருக்கும் பகுதிக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால், அரசு உதவி எண்ணில் அம்மா பெயரைப் பதிவு செய்யுங்கள். பல இடங்களில் அவர்கள் வழியாகத்தான் படுக்கை ஒதுக்குகிறார்கள். பதிவு எண் கொடுத்தால் எழுதி வையுங்கள், அடுத்த முறை அழைக்கும்போது முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது. இல்லை என்று சொன்ன மருத்துவமனையை மறுநாள் மதியவாக்கில் மறுபடி கேளுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து டிஸ்சார்ஜ் எழுதிய பிறகுதான் படுக்கை காலியாகும்.

உதவி கேட்டு எழுதுவதை இப்படி எழுதுங்கள்:

"பெண், 66 வயது. கொரோனா பாசிட்டிவ், ஆறாம் நாள். ஆக்சிஜன் 93, நாடி இவ்வளவு, வெளி ஆக்சிஜன் இல்லாமல், இரவு 10 மணிக்குப் பார்த்தது. வேறு நோய்கள்: உண்டு அல்லது இல்லை. இருக்கும் பகுதி. தேவை: ஆக்சிஜன் படுக்கை. உடன் இருப்பவர் கணவர், அவரும் பாசிட்டிவ். அழைக்க வேண்டியவர்: மகன்."

"அவசரம், யாராவது உதவுங்கள்" என்று மட்டும் போட்டால், நல்ல மனதோடு வருகிறவரும் இதையெல்லாம் உங்களிடம் கேட்டுக் கேட்டு அரை மணி நேரம் போய்விடும். பொதுவெளியில் உங்கள் எண்ணை மட்டும் போடுங்கள். அம்மாவின் எண், வீட்டு முகவரி, அடையாள அட்டைப் படம் எதுவும் வேண்டாம். உதவி கேட்டுப் போட்ட எண்ணுக்கு நள்ளிரவில் வேண்டாத அழைப்புகள் வந்து அவதிப்பட்ட பெண்களை எங்கள் குழுவிலேயே தெரியும்.

முன்பணம் கேட்டவரிடம் வீடியோ அழைப்பில் சிலிண்டரைக் காட்டச் சொல்லுங்கள். பொருள் வந்ததும் பணம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு அழைப்பு துண்டிக்கப்படும்.

கடைசியாக ஒன்று. அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் எண் உங்களிடம் இருக்கிறதா? ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல, வாசலில் பையை வைக்க, கதவைத் தட்டிப் பார்க்க நடந்து வரக்கூடிய ஒருவர் வேண்டும். இத்தனை எண்களிலும் அந்த ஒரு எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.


தூரத்து மகன்
இரவு 10.31

அக்கா, நீங்கள் சொன்னபடி அப்பா பார்த்தார். 92. கொஞ்சம் விட்டு மறுபடி பார்த்தார், மறுபடியும் 92. நாடி 108. பக்கத்து வீட்டு எண் என்னிடம் இல்லை, அப்பாவிடம் கேட்டு வாங்கிவிட்டேன்.


நைட் ட்யூட்டி
இரவு 10.33

ஆம்புலன்ஸை அழையுங்கள், இப்போதே. "66 வயது, கொரோனா, ஆக்சிஜன் 92, ஆறாம் நாள்" என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். சிலிண்டர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

வண்டி வரும்வரை அம்மா குப்புறப் படுக்கட்டும். சாப்பிட்ட உடனே என்றால் வேண்டாம். நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, முகம் பக்கவாட்டில். முடியவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கலாம். மல்லாந்து மட்டும் வேண்டாம்.

பையில் பாசிட்டிவ் வந்த தாள், சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை, மூக்குக் கண்ணாடி, போன், சார்ஜர். சார்ஜரை மறந்துவிடாதீர்கள். உள்ளே யாரையும் விட மாட்டார்கள், அந்த போன் அணைந்தால் அம்மா எந்த வார்டில் இருக்கிறார் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி பையோடு சேர்த்து ஒட்டச் சொல்லுங்கள்.


சிலிண்டர் தூக்கி
இரவு 10.50

அம்மா மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. ஆனாலும் அங்கே வாசலில் காத்திருக்க வேண்டி வரலாம், அதனால் சொல்கிறேன்.

சிலிண்டர் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஃப்ளோமீட்டரோடு, அதாவது ஆக்சிஜன் ஓடும் வேகத்தைக் காட்டிக் கட்டுப்படுத்தும் கருவியோடு, கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அது இல்லாவிட்டால் சிலிண்டர் வெறும் இரும்புதான். அதோடு ஈரப்படுத்தும் பாட்டில், மூக்கில் மாட்டும் குழாய் அல்லது மாஸ்க், வால்வைத் திறக்கும் சாவி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நடுராத்திரியில் அலைய வேண்டும்.

எவ்வளவு நேரம் வரும் என்பது எளிய கணக்கு. 1500 லிட்டர் வாயு இருக்கிற சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஓடினால் 5 மணி நேரம். 2 லிட்டர் வீதம் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். அதனால் சிலிண்டர் வந்த அன்றே அடுத்த நிரப்பலுக்கு ஆள் பார்க்க வேண்டும். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டருக்கு நிரப்பும் வேலை இல்லை, ஆனால் மின்சாரம் போனால் நின்றுவிடும். 5 லிட்டர் கருவியை வைத்து நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படுகிறவரை வீட்டில் சமாளிக்க முடியாது, அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. எதுவானாலும் அடுப்பு, விளக்கு, சிகரெட் பக்கத்தில் கூடாது.


பொதுச் சமையல்
இரவு 11.05

எல்லோரும் அம்மாவைப் பற்றியே பேசுகிறோம். அப்பா நாளைக்காலை என்ன சாப்பிடுவார்?

தனிமையில் இருப்பவர்களுக்கு இலவசமாகச் சமைத்து அனுப்புகிற குழுவில் இருக்கிறேன். எங்களைப் போன்றவர்களிடம் "இரண்டு வேளை சாப்பாடு வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்சுலின் போடுகிறவர் என்று சொல்லுங்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். எங்கள் வண்டி சில நாள் ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் ஒரு தெருவுக்குள் நுழையும். வழக்கம்போல ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயங்கி விழுந்துவிடுவார். தனியாக இருக்கும் வீட்டில் யார் பார்ப்பது? சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். சாப்பிடும் அளவு குறைந்தால் ஊசி அளவை என்ன செய்வது என்று மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களைப் போன்றவர்களைத் தேடும்போது பெரிய பெயர்களைத் தேடாதீர்கள். பகுதிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். உள்ளாட்சி அலுவலகம், வழிபாட்டுத் தலங்கள், குடியிருப்போர் சங்கம், பக்கத்துக் கல்லூரியின் முன்னாள் மாணவர் குழு, இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. கிடைத்ததும் மாத்திரை வாங்கித் தருவீர்களா என்றும் கேளுங்கள். சாப்பாடு கொண்டுவருகிற பையன்தான் எங்கள் ஊரில் மருந்துக்கடைக்கும் போகிறான்.


கேள்வி மட்டும்
இரவு 11.20

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மாமாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நேற்று பாசிட்டிவ். வழக்கமாகச் செய்கிற இடத்தில் வரவேண்டாம் என்கிறார்கள்.


நைட் ட்யூட்டி
இரவு 11.34

டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது. வழக்கமான இடத்தில் "பாசிட்டிவ் நோயாளிகளுக்குத் தனி ஷிஃப்ட் எங்கே நடக்கிறது, அங்கே அனுப்பக் கடிதம் கொடுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். வரவேண்டாம் என்று சொன்னவர்களுக்கு அது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அரசு உதவி எண்ணிலும் டயாலிசிஸ் நோயாளி என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இடம் கிடைக்கும்வரை தண்ணீர், உப்பு, பழம் விஷயத்தில் அவருடைய மருத்துவர் சொன்ன கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. இதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், இங்கே புதைந்துவிடும்.


தூரத்து மகன்
மறுநாள், மாலை 5.10

அம்மாவுக்கு ஆக்சிஜன் படுக்கை கிடைத்துவிட்டது. அரசு மருத்துவமனைதான். இரவு வாசலில் ஆம்புலன்ஸிலேயே வெகுநேரம் காத்திருந்தார்கள், அதில் ஆக்சிஜன் இருந்ததால் சமாளித்தார்கள். இப்போது நிமிடத்துக்கு 2 லிட்டரில் 96 நிற்கிறது. மத்தியானம் அவரே போன் செய்து, சார்ஜரை யார் வைக்கச் சொன்னார்கள் என்று கேட்டார்.

அப்பாவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்போர் சங்கத்திலிருந்து சாப்பாடு வருகிறது. நேரத்தைச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, அவர் எடுத்துக்கொண்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறார். அப்பாவுக்குத்தான் வீடு வெறிச்சென்று இருக்கிறது, பேசப் பேச அழுகிறார். இதற்கு ஏதாவது இருக்கிறதா?


மறுபடி கூப்பிடுகிறேன்
மாலை 5.26

மனநல உதவி எண்கள் இருக்கின்றன, உங்கள் அரசு உதவி எண்ணிலேயே கேட்டால் இணைத்துவிடுவார்கள். ஆனால் 71 வயதுக்காரர் முன்பின் தெரியாதவரிடம் அழைத்துப் பேசுவாரா என்பது சந்தேகம். அவருடைய பழைய நண்பர்கள் இரண்டு மூன்று பேருக்கு நீங்களே சொல்லி, ஆளுக்கொரு நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள். அம்மாவோடு வீடியோ அழைப்பும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருக்கட்டும்.

அப்புறம், நேற்று எங்கெல்லாம் உதவி கேட்டுப் போட்டீர்களோ அங்கெல்லாம் "தேவை முடிந்தது" என்று எழுதிவிடுங்கள். இன்னும் உங்களுக்காகப் படுக்கை தேடிக்கொண்டிருப்பார்கள்.


தூரத்து மகன்
மாலை 5.41

எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி. நேற்றிரவு ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு ஒரு தன்னார்வலர் சிலிண்டர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஃப்ளோமீட்டர் எல்லாம் இருக்கிறது, திறக்கவே இல்லை. அப்பாவுக்குத் தேவைப்படலாம் என்று வைத்துக்கொள்ளலாமா? அவருக்கு 97.


சிலிண்டர் தூக்கி
மாலை 5.44

வேண்டாம், 97க்கு எதற்கு? நாளைக்கு இறங்கினாலும் அவரும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பகுதிப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பக்கத்து வீட்டுக்காரரை வாசலுக்கு வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏழு மணிக்குள் ஆள் வருவார்.