பதில்: வம்சாவளி மலர் – இரண்டாம் தவணை

அண்ணனுக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

நம் குடும்ப வரலாற்றை வம்சாவளி மலராகப் போடத் தலைக்கு 5,000 ரூபாய் கேட்டீர்கள், அனுப்பினேன். இப்போது இன்னொரு 5,000. முதல் தவணைக்குக் கணக்கு வரட்டும், அப்புறம் பேசலாம். கோயில் திருப்பணிக் கணக்கு மாதிரி இதுவும் இழுத்துக்கொண்டே போகக் கூடாது.

நீங்கள் பிடித்திருக்கும் ஆய்வாளர், வெளிநாட்டு ஆவணம் எடுக்கவே பாதிப் பணம் வேண்டும் என்கிறாராம். எதற்கு? 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒன்றரை லட்சம் பேரின் கப்பல் பட்டியல் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வீட்டிலிருந்தே கணினியில் தேடலாம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் வரை எழுதியிருப்பார்கள். எழுத்துக்கூட்டல்தான் தொல்லை. நம்மூர் முனுசாமி அங்கே மூன்சாமி ஆகியிருப்பார்; ஊர்ப்பெயரும் குமாஸ்தா காதில் விழுந்தபடிதான். அதனால் தகப்பன் பெயரையும் ஜில்லாவையும் சேர்த்துப் பாருங்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களுக்கு, அங்கே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு எழுதலாம். சிலருக்குப் புகைப்படமே இருக்கிறது. மலேயாவுக்குக் கங்காணியோடு, அதாவது ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரியோடு போனவர்களைத் தேடுவதுதான் கஷ்டம்.

எங்கள் பூட்டனை இரண்டே ராத்திரியில் கண்டுபிடித்தேன். வயது 22, இடது முழங்காலில் தழும்பு. தன் மாமனாரான அவர் பனையிலிருந்து விழுந்த கதையை அப்பத்தா எத்தனை முறை சொல்லியிருப்பார்! பெரியப்பாவுக்குத்தான் கோபம். "வியாபாரத்துக்குப் போனவரைக் கூலிப் பட்டியலில் ஏன்டா தேடினாய்" என்று கேட்டவர், மூன்று மாதமாக என்னோடு பேசுவதில்லை. மலரில் பூட்டனை வணிகர் என்று போட்டால் எங்கள் வீட்டுப் பக்கமே வேண்டாம். சோழர் தளபதி வம்சம் என்ற வரிக்கு ஆய்வாளர் தனியாக எவ்வளவு கேட்டார் என்பதையும் கணக்கில் காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் வேறு. தை மாதம் தங்கச்சி ஊருக்குப் போயிருந்தாள். குலதெய்வக் கோயில் மடப்பள்ளியில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வசூலித்த பழைய தலைக்கட்டு வரி நோட்டுகள் ஒரு யூரியாச் சாக்கில் கிடக்கின்றன. ஒன்றைப் பிரித்ததும், கரையான் தின்ற ஓரம் அப்படியே பொடியாக அவள் மடியில் கொட்டியது. மிச்சமிருந்த பக்கத்தில் 1951ஆம் வருஷத்துப் பங்காளிகள் வீடு வீடாக இருக்கிறார்கள்: யார் மகன் யார், எத்தனை தலைக்கட்டு. சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'ரங்கூன்' என்று பென்சிலில் குறிப்பு. பூசாரியின் பேரன் அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத்தான் அவளுக்கு விபூதி மடித்துக் கொடுத்தானாம்.

நேட்டால் கப்பல் பட்டியல் அடுத்த வருஷமும் இருக்கும். இந்தச் சாக்கு இருக்காது. இரண்டாம் தவணை வாங்குவதானால், முதலில் இவற்றைப் படம் பிடிக்கச் செலவழியுங்கள். வரி நோட்டில் பெண்கள் பெயர் வராது. அதற்கு அவரவர் பெட்டியிலுள்ள பாகப்பிரிவினைப் பத்திரங்களையும், பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரங்களையும் பாருங்கள்; கையெழுத்துப் போட்ட மகள்கள் யார், எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பது அதில் கிடைக்கும். மொய் நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் அத்தை வழிச் சொந்தத்தில் பாதியை அதில்தான் பிடித்தேன்.

சித்திரையில் தங்கச்சி மறுபடி போகிறாள். மடப்பள்ளிச் சாவி மேலத்தெருவில் இருக்கிறதாம். யாராவது கேட்டு வாங்கிக் கொடுங்கள். நான் கேட்டால் தரமாட்டார்கள். ஏனென்று எல்லோருக்கும் தெரியும்.