நியூயார்க் பள்ளி விளையாட்டு லீக்: எல்லோருக்குமா, ஜெயிக்கிறவர்களுக்கா?

குயின்ஸ்வாசி:
என் மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. ஒரே கட்டடத்தில் நான்கு சின்னப் பள்ளிகள், அதில் ஒன்று அவளுடையது. வாலிபால் ஆட ஆசைப்பட்டாள். பெண்களுக்கு அணி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஆதங்கத்தில்தான், நகரத்துப் பொதுப்பள்ளி விளையாட்டையெல்லாம் நடத்தும் பப்ளிக் ஸ்கூல்ஸ் அத்லெட்டிக் லீகின் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1903-ல் லூதர் கூலிக் இதைத் தொடங்கினார். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் ஜேம்ஸ் நைஸ்மித்துக்கு மேலதிகாரியாக இருந்தவர். அவர் காலத்து வகுப்புப் போட்டியைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் 80 சதவீதம் பையன்களாவது இறங்க வேண்டும். எல்லோரும் தாண்டிய தூரத்தைக் கூட்டித் தலைக்கு வகுத்தால் வரும் சராசரிதான் வகுப்பின் கணக்கு. விளையாட்டே வராத பையன் ஓர் அங்குலம் அதிகமாகத் தாண்டினாலும் வகுப்பு முழுக்க அவனுக்குக் கைதட்டும். இன்று பன்னிரண்டு பேர் சட்டை போட்டு ஆடுகிறார்கள், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். லீக் தன் வேரை மறந்துவிட்டது என்பதுதான் என் வாதம்.

விசில் மாஸ்டர்:
தம்பி, முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன். நீங்கள் வேரில் பாதியை விட்டுவிட்டீர்கள். அதே 1903 டிசம்பர் 26-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் பெரிய போட்டி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் ஓடினார்கள். ராக்ஃபெல்லர், கார்னகி, மார்கன் போன்ற பெரும் பணக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். கோப்பை, கூட்டம், பத்திரிகைச் செய்தி எல்லாம் முதல் நாளிலிருந்தே உண்டு. சராசரிக் கணக்கை மட்டும் காட்டியிருந்தால் யார் காசு கொடுத்திருப்பார்கள்?

இன்னொன்று. புரூக்ளினில் வறுமையில் வளர்ந்த கூடைப்பந்து வீரர் கோனி ஹாக்கின்ஸ். பாய்ஸ் ஹை பள்ளிக்காக ஆடி 1959, 1960 இரண்டு வருடமும் நகரக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். கடைசியில், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். ஜெயிக்கிறவனுக்கு மேடை வேண்டாம் என்றால், அந்த மாதிரிப் பையன்களுக்கு என்ன வழி?

தேன்மொழி:
நீங்கள் இருவரும் பையன்களை மட்டுமே பேசுகிறீர்கள். பெண்களுக்கு 1905-ல்தான் தனிக் கிளை வந்தது. எலிசபெத் பர்செனல் நடத்தினார். சென்ட்ரல் பார்க் புல்வெளியில் ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒன்றாக நாட்டுப்புற நடனம் ஆடினார்கள். அழகான காட்சிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்குப் பள்ளி போட்டி மட்டும் கூடாது. காரணம் என்ன தெரியுமா குயின்ஸ்வாசி அண்ணா? ‘சிலருக்கு மட்டுமல்ல, எல்லாப் பெண்களுக்கும் விளையாட்டு’ என்ற அதே கொள்கைதான். நீங்கள் மெச்சும் வார்த்தையை வைத்தே பெண்களைப் பல தலைமுறை பந்தயத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். 1972-ல், கல்வியில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் ஒன்பது சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அதனால் கூலிக் காலத்தைப் பொற்காலம் என்று என்னால் சொல்ல முடியாது.

விசில் மாஸ்டர்:
அப்படிக் கேளும்மா! நான் சொல்வதும் அதுதான். போட்டி என்ற ஒன்று இருந்தால்தான் விளையாட்டுக்கு மரியாதை.

தேன்மொழி:
இல்லை சார், உங்கள் பக்கமும் நான் சாயவில்லை. போட்டி வந்த பிறகாவது பெண்களுக்குச் சமமாகக் கிடைத்ததா? 2010-ல் பெண்கள் உரிமைச் சட்ட அமைப்பு ஒன்று மத்தியக் கல்வித் துறையிடம் புகார் கொடுத்தது. நகரப் பள்ளிகளில் பெண்களுக்குப் போதிய இடம் இல்லை என்பது 2015-ல் உறுதியாகி, சரிசெய்கிறோம் என்று நகரம் ஒப்பந்தம் போட்டது. டைட்டில் ஒன்பது வந்து நாற்பது வருடம் தாண்டியும் இந்த நிலை. அண்ணா மகளுக்கு வாலிபால் அணி இல்லாதது ஏதோ ஒரு தலைமை ஆசிரியரின் தவறு மட்டுமல்ல.

குயின்ஸ்வாசி:
தேன்மொழி சொன்னது உறைத்தது. பெண்கள் கிளையின் கதையை நான் மேலோட்டமாகத்தான் படித்திருந்தேன். ‘எல்லோருக்கும்’ என்று சொல்லிக் கதவைச் சாத்தவும் முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேள்வி மாறவில்லை. பெரிய பள்ளிகளை உடைத்துச் சின்னச் சின்னதாக ஆக்கினார்களே, அப்போது அணிகள் எங்கே போயின? கறுப்பின, லத்தீன் மாணவர்கள் படிக்கும் பள்ளிகளில்தான் அணிகள் குறைவு என்று 2018-ல் லீக் மீது வழக்கே வந்தது. பிறகு சமரசம் ஆகி, பல பள்ளிகள் சேர்ந்து அணியைப் பகிர்ந்துகொள்ளும் திட்டமும் புது அணிகளும் வந்தன. வழக்கு போட்டால்தான் களம் கிடைக்கும் என்றால் அது என்ன பொது லீக்?

விசில் மாஸ்டர்:
வழக்கு இல்லாமலும் லீக் நகர்ந்திருக்கிறது தம்பி. 2008-ல் கிரிக்கெட்டைச் சேர்த்தார்களே! அமெரிக்காவில் கிரிக்கெட்டைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியாக நடத்திய முதல் பொதுப்பள்ளி நிர்வாகம் நியூயார்க்தான். கயானா, பாகிஸ்தான், வங்கதேசம், இந்தியா என்று எங்கிருந்தோ வந்த பிள்ளைகள் தங்கள் பள்ளியின் பெயர் போட்ட சட்டையில் பந்து வீசினார்கள். ஊருக்குப் புதிதாக வந்த பையனுக்கு அந்தச் சட்டை என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்புறம், பயிற்சி கொடுப்பது யார் என்று நீங்கள் இருவருமே கேட்கவில்லை. 1950-ல் சம்பளப் பிரச்சினையில் ஆசிரியர்கள் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வேலையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். விளையாட்டும் நின்றது. அந்த ஏப்ரலில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் சிட்டி ஹாலுக்கு ஊர்வலம் போய், எங்கள் வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடு என்று கேட்டார்கள். அணி வேண்டும் என்று எழுதுவது சுலபம். மாலை ஆறு மணிவரை விசிலோடு நிற்கிறவனுக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள்?

குயின்ஸ்வாசி:
மாஸ்டர், பயிற்சியாளருக்குப் பணம் ஒதுக்காமல் அணி கேட்பது நியாயமில்லை. இதில் நீங்கள் சொல்வது சரி. கிரிக்கெட்டும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது என் பக்கத்து வாதம். புதுப் பிள்ளைகளை உள்ளே இழுத்ததால்தானே அதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள்? கோப்பையை யார் வாங்கினார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

விசில் மாஸ்டர்:
அதை யோசிக்கிறேன். ஆனால் ஹாக்கின்ஸை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேன்மொழி:
அண்ணா, மகள் இப்போது என்ன செய்கிறாள்?

குயின்ஸ்வாசி:
அந்தக் காலத்தில் சின்னப் பையன்களுக்கு வெண்கல பேட்ஜ் என்று ஒன்று இருந்தது. 60 கெஜத்தை எட்டு விநாடி சொச்சத்தில் ஓட வேண்டும், கம்பியில் நான்கு புல்லப்ஸ் எடுக்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து 5 அடி 9 அங்குலம் தாண்ட வேண்டும். பெண்களுக்கு அது கிடையாது. நேற்று வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் 5 அடி 9-க்குக் கோடு போட்டேன். முதல் தடவை அவள் குதிகால் கோட்டின் மேலேயே விழுந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு தடவை தாண்டினாள். டேப் வைத்துப் பார்த்தேன், 5 அடி 11. கோட்டை அழிக்காதீர்கள் அப்பா என்று சொல்லிவிட்டு, கீழ்வீட்டுப் பெண்ணையும் கூப்பிடப் போனாள்.