பூல்: முதல் பிறேக் ஆருக்கு? ரொஸ்ஸா, லாக்கா?

குளத்தடியான் (கிளிநொச்சி)
போன ஞாயிறு எங்கட பக்கம் ஒரு கிளப்பில 8 பந்துப் பூல் போட்டி (மேசையில தடியால பந்தை அடிச்சுக் குழிக்குள்ள விழுத்திற விளையாட்டு). ஃபைனலில அடுக்கி வைச்ச பந்துகளை ஆர் முதல் அடிச்சு உடைக்கிறது (பிறேக்) எண்டு பாக்க ரொஸ் போடேல்லை, "லாக்" எண்டாங்கள். பந்தை அடிச்சு, அது எதிர்க்கரையில முட்டித் திரும்பி வரவேணும். ஆற்ற பந்து இஞ்சாலைக் கரைக்குக் கிட்ட நிக்குதோ, அவர் வெண்டார். முதல் நான் அடிச்சன். பந்து இடப்பக்கமா இழுபட்டு நடுவில நிண்டிட்டு. எதிராளி அதை வடிவாப் பாத்துப்போட்டு, ஒரு சொட்டு வலப்பக்கம் பிடிச்சு அடிச்சார். கரைக்கு நாலு விரல் தூரத்தில நிண்டுது. காசைச் சுண்டியிருந்தா இந்த அநியாயம் நடக்குமோ?

ஸ்காபறோ சித்தப்பா
தம்பி, பிழை லாக்கில இல்லை, நடத்தினவையில. உலக பூல் சங்க விதிப்படி ரெண்டு பேரும் ஒரே நேரத்தில அடிக்கோணும். மற்றவற்ற பந்து எதிர்க்கரையில முட்டினாப் பிறகு அடிச்சா, ரெண்டு பேரும் திரும்ப அடிக்கோணும். பக்கக் கரையில பட்டாலும், குழிக்குள்ள விழுந்தாலும், மற்றவற்ற பாதிக்குள்ள போனாலும் அந்த அடி செல்லாது. வெண்டவர் தானே உடைக்கலாம், எதிராளியையும் உடைக்க விடலாம். லாக் கைத்திறமை. காசு சுண்டிறது சூது.

கச்சான் சுருள் (முறிகண்டி)
எங்கட பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஒருத்தரும் லாக் அடிச்சதில்லை. பஸ்ஸால முந்தி இறங்கினவர் உடைப்பார். ரொஸ்ஸிலயும் சிக்கல் இருக்கு பாருங்கோ. எங்கட காசில தலையும் இல்லை, பூவும் இல்லை. ஒரு பக்கம் அரச சின்னம், மற்றப் பக்கம் இலக்கம்.

வாசிகசாலை வாத்தி (மல்லாவி)
சித்தப்பா, திறமையைப் பாக்கத்தானே ஆட்டமே? அதுக்கு முன்னமே திறமைக்காரனுக்கு ஒரு சலுகை எதுக்கு? கெரத்தைப் பாருங்கோ. கைக்குள்ள கறுப்பும் வெள்ளையும் மறைச்சுக் கேட்டாலும் சரி, காசு சுண்டினாலும் சரி, வெண்டவர் ஒண்டைத்தான் எடுக்கலாம்: ஒண்டில் முதல் அடி, இல்லாட்டி இருக்கிற பக்கம். பக்கத்தை எடுத்தா அடி மற்றவருக்கு. அடுத்த போர்ட்டில இருந்து மாறி மாறி. நாப்பது வருசமா எங்கட வாசிகசாலையில இதுக்காக ஒரு சண்டை வரேல்லை. சிவப்புக்குத்தான் வந்தது.

ஸ்காபறோ சித்தப்பா
வாத்தியார், சின்னனில போளை அடிச்சனீங்கள்தானே? குழிக்குக் கிட்ட ஆற்ற போளை நிக்குதோ அவர் முதல். அதுவும் லாக்தான். அப்ப ஆரும் காசு சுண்டேல்லை. சுண்டக் காசும் இல்லை.

வாசிகசாலை வாத்தி (மல்லாவி)
நல்லா ஞாபகப்படுத்தினீங்கள். போளையில ஒருத்தருக்குப் பிறகு ஒருத்தர்தானே எறிஞ்சம்? "நான் கடைசி, நான் கடைசி" எண்டு கத்தினது மறந்துபோச்சோ? கடைசியா எறியிறவனுக்கு மண் எந்தப் பக்கம் இழுக்குது எண்டு தெரியும். தம்பிக்கு நடந்ததும் அதுதான்.

ஏ9 சாரதி (மாங்குளம்)
நடத்தினவையில நானும் ஒராள், அதால சொல்லுறன். விதி எங்களுக்கும் தெரியும். ஆனா அண்டைக்கு நுனித்தோல் ஒழுங்கா இருந்த தடி ஒண்டே ஒண்டு. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில எப்பிடி அடிக்கிறது?

தம்பி ஒரு விசயத்தை விட்டிட்டார். அந்தப் பிறேக்கில ஒரு பந்தும் விழேல்லை. நாலு பந்துக்கு மேல கரையில முட்டினதால பிறேக் சரி, முறை தம்பிக்கு. மேசை முழுக்கப் பந்து விரிஞ்சு கிடக்குது. இதைவிட என்ன வேணும்? பிறகு மாறி மாறித்தான் உடைச்சவை. முடிவு 5க்கு 2.

குளத்தடியான் (கிளிநொச்சி)
ஓம், விழேல்லை. நானும் ஒண்டும் விழுத்தேல்லை. அது வேற கதை அண்ணை.

ஸ்காபறோ சித்தப்பா
அது வேற கதையில்லை, அதுதான் கதை. வெண்டவரே திரும்பத் திரும்ப உடைக்கிற போட்டியெண்டா முதல் பிறேக் பெரிய சாமான். நல்ல விளையாட்டுக்காரன் எதிராளியைக் கதிரையால எழும்பவே விடமாட்டான். மாறி மாறி உடைச்சா அவ்வளவு இல்லை. ஆனா மாங்குளம் தம்பி, ஒருத்தருக்குப் பிறகு ஒருத்தரா லாக் அடிக்க விட்டது பிழைதான். தடி இல்லையெண்டா வாத்தியார் சொன்னமாதிரி ரொஸ் போட்டிருக்கலாம்.

வாசிகசாலை வாத்தி (மல்லாவி)
இதை எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ பிள்ளையள். சித்தப்பா இறங்கி வந்திட்டார்.

ஸ்காபறோ சித்தப்பா
தடி இல்லாட்டி மட்டும்தான் வாத்தியார்! ஆடியில ஊருக்கு வரேக்க நுனித்தோல் கொண்டாறன். எத்தினை தடி கிடக்கு?

ஏ9 சாரதி (மாங்குளம்)
நாலு அண்ணை. ஒண்டு கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கு.

குளத்தடியான் (கிளிநொச்சி)
மேசனிட்டச் சொல்லி நீர்மட்டமும் வைச்சுப் பாருங்கோ. அந்த மேசை இடப்பக்கம் சரிவுதான்.