80 ஆயிரம் லோனுக்கு நிலப் பத்திரம் கேக்குறாங்க, குடுக்கலாமா?

செம்மண்காடு:
ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்க 80 ஆயிரம் லோன் கேட்டு பக்கத்து டவுன்ல ஒரு ஃபைனான்ஸுக்கு போனேன், அப்பா பேர்ல இருக்குற முக்கால் ஏக்கர் நஞ்சையோட ஒரிஜினல் பத்திரமும் வெத்து ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்தும் வேணும்கிறாங்க. கட்டலேன்னா கோர்ட்டுக்கே போகாம நிலத்த எடுத்துருவோம்னு வேற சொல்றாங்க. அப்டி முடியுமா?

பழைய குமாஸ்தா:
முடியாது தம்பி. கோர்ட்டுக்கு போகாம எடுக்குற அதிகாரம் கடன வசூலிக்கிறதுக்கான 2002 சர்பாசி சட்டத்துல இருந்து வருது, அதோட 31-வது பிரிவுப்படி விவசாய நிலமும் வராது, 1 லட்சத்த தாண்டாத கடனும் வராது. ஃபைனான்ஸ் கம்பெனின்னா 20 லட்சத்துக்கு கீழ அந்த சட்டமே கெடையாது. அதுக்காக நிலத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துராதீங்க, முறையா அடமானம் எழுதிட்டா சிவில் கோர்ட்ல டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி ஏலம் விடலாம், கேஸ் போட அவங்களுக்கு 12 வருஷம் டைம் இருக்கு.

கரிசல்:
உங்க குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள்ளயா? அப்போ மைக்ரோஃபைனான்ஸ்ல கேளுங்க, 2022 ஏப்ரல்ல வந்த ரிசர்வ் பேங்க் ரூல்படி அதுக்கு அடமானமே கேக்கக் கூடாது. விவசாயக் கடனுக்கும் 2025 ஜனவரில இருந்து 2 லட்சம் வரைக்கும் பேங்க்ல அடமானம் வேணாம், ஆனா ஃப்ரிட்ஜ விவசாயம்னு எந்த மேனேஜரும் ஒத்துக்க மாட்டாரு 😄

செம்மண்காடு:
வருமானம் 3க்குள்ள தான். நெலம் அப்பா பேர்ல, லோன் என் பேர்ல, அது பரவால்லயா?

பழைய குமாஸ்தா:
அப்பா சம்மதிக்காம அது அடமானமே ஆகாது. எனக்கு பயமே அந்த வெத்து பேப்பர் தான், நாளைக்கு அதுல கிரைய அக்ரிமென்ட்னு எழுதிக்கிட்டா நீங்க இல்லேன்னு நிரூபிக்க அலையணும். இன்னும் சில பேரு "கிரயமே போட்டுக் குடு, பணம் கட்டுனதும் திருப்பி எழுதித் தரேன்"னு கேப்பான், திருப்பித் தர்ற கண்டிஷன் அதே பத்திரத்துல இல்லேன்னா சொத்து மாற்றுச் சட்டம் 58(சி)படி அது அடமானம் இல்ல, வித்ததாத்தான் போகும். வாயால சொன்னது எங்க நிக்கும்?

செம்மண்காடு:
ஐயோ, ஜெராக்ஸ் ஏற்கனவே குடுத்துட்டேனே அண்ணே.

பழைய குமாஸ்தா:
வெறும் ஜெராக்ஸ குடுத்ததால அடமானம் ஆகிடாது. இருந்தாலும் ஆன்லைன்ல ஒரு தடவ வில்லங்கம் போட்டுப் பாத்துருங்க.