நிறக்குறியீடா, நிறக்குறிப்பா?

சித்திர ஆசிரியை, சண்டிலிப்பாய்:
வணக்கம். தரம் 9 பிள்ளைகளுக்கு வெள்ளை நிறம் பற்றி நான்கு பக்கம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சீன மரபில் வெள்ளை துக்கத்துக்கு. ஐரோப்பாவில் 1840இல் விக்டோரியா அரசி வெள்ளை உடுத்து மணமுடித்த பிறகுதான் அது மணப்பெண்ணின் நிறமாகப் பரவியது. இங்கே கலைமகளுக்கும் வெள்ளை, பள்ளிச் சீருடைக்கும் வெள்ளை, செத்தவீட்டு ஒழுங்கையில் கட்டும் கொடிக்கும் வெள்ளை. ஒரு நிறத்தில் ஊர் ஏற்றிவைக்கும் இந்தப் பொருளுக்கு என்ன சொல்? 'நிறக்குறியீடு' என்று எழுதினேன். அது மின்சுற்றில் வரும் தடையியின் அளவைக் காட்டும் நிற வளையங்களுக்கு உரியது என்கிறார் எங்கள் விஞ்ஞான ஆசிரியர்.

உயிரியல் ஆசிரியர், சாவகச்சேரி:
'நிறப்பொருள்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள் ரீச்சர். அது இலைப் பச்சையம் போன்றவற்றுக்குப் போய்விட்டது. 'நிறமூர்த்தம்' (குரோமோசோம்) எப்போதோ எங்களிடம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:
பிள்ளை, தொல்காப்பியர் உரியியலில் தொட்ட விஷயம் இது. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று சொல்லிவிட்டு, அடுத்த சூத்திரத்தில்தான் 'நிறத்துரு உணர்த்தற்கும் உரிய' என்கிறார். கோபம் முன்னே, நிறம் பின்னே! 'உணர்த்தற்கும்' என்பதில் உள்ள அந்த உம்மையைக் கவனியுங்கள். பழம்பாட்டில் 'நிறம்' என்றால் மார்பும்தான். வேல் பாய்வது நிறத்தில். உள்ளிருப்பது வெளியே தெரியும் இடம் என்பது என் ஊகம். ஆகவே 'நிறவுணர்த்தம்'.

மொழிபெயர்ப்பாளர், கொக்குவில்:
ஐயா, நிறவுணர்த்தம் என்றால் பிள்ளைகள் ஏதோ வருத்தம் என்று நினைத்து மருந்து கேட்பார்கள். குறியீடே போதும், இடம் பார்த்து விளங்கிக்கொள்வார்கள். ரீச்சர், ஐரோப்பாவை அப்படி நேர்கோட்டில் எழுத வேண்டாம். ஸ்கொட்லாந்து அரசி மேரி 1558இல் பாரிஸில் வெள்ளை உடுத்து மணமுடித்தார். 1560இல் கணவர் இறந்தபோது, பிரெஞ்சு அரசகுல வழக்கப்படி துக்கத்துக்கும் வெள்ளையே உடுத்தினார்.

வட்டுக்கோட்டை:
குறியீடு என்பதில் 'ஈடு' இருக்கிறது. யாரோ இட்டது. தடையியின் வளையத்துக்குச் சரி. ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டச் சொல்லி எந்தச் சபை தீர்மானம் எடுத்தது? இட்ட குறி வேறு, ஊறிய குறிப்பு வேறு. உணர்த்தம் கசந்தால் 'நிறக்குறிப்பு'.

சாவகச்சேரி:
குறிப்பு என்றால் எங்கள் வீட்டில் சாதகம். கல்யாணத்துக்கு நிறக்குறிப்பும் பார்ப்பார்களோ? (பார்க்கிறார்கள்தான், அது வேறு கதை.)

சண்டிலிப்பாய்:
வியாழன் இரவு பதினொரு மணி. மூன்று பேர் குறியீட்டுக்கு, மாஸ்ரர் மட்டும் எதிர். 'நிறக்குறியீடு' என்றே அனுப்பிவிட்டேன். மேரியையும் சேர்த்தாயிற்று. இட்டதும் ஊறியதும் பற்றி வகுப்பில் வாயால் சொல்கிறேன்.

வட்டுக்கோட்டை:
நான் இணங்கவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். அப்புறம், 'வெள்ளை' என்றால் வெண்பாவும்தான். நான்கு பக்கத்தில் அதை எங்கும் காணோம். நாளை விரிவாக எழுதுகிறேன்.