4,500 ஆர்பிஎம்-ல் எஞ்சின் காலியாமே! கேம்பர் இழுக்க பெட்ரோல் டிரக்கா, டீசல் டிரக்கா?

#1 சுமைதாங்கி
கேம்பர் (டிரக் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) வாங்கறவங்களுக்கான இழையில கம்மின்ஸ்தாசன் போட்ட வரியைப் படிச்சுட்டு சும்மா போக முடியலீங்க. "பெட்ரோல் டிரக்ல ஃபிஃப்த் வீல் மாட்டிக்கிட்டு ஐ-70-ல ஐசன்ஹவர் டனல் ஏறினா 4,500 ஆர்பிஎம்-ல கத்தும், எஞ்சின் ரெண்டே வருஷத்துல காலி"ன்னு எழுதியிருக்காரு. (ஃபிஃப்த் வீல்னா டிரக் முதுகுல மாட்டி இழுக்கற பெரிய கேம்பர்; அந்த டனல் கொலராடோ மலை நெடுஞ்சாலையில இருக்கு; ஆர்பிஎம்னா எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்தற சுத்து.) கத்தும், ஒத்துக்கறேன். காலியாகும்னு எந்த ஜோசியர் சொன்னாரு?

ஃபோர்டு 7.3 லிட்டர் வி8-ல 430 குதிரை சக்தி வர்றதே 5,500 ஆர்பிஎம்-ல. 485 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை) 4,000-ல. 4,500-ங்கறது அந்த எஞ்சின் வேலை செய்யற இடம். அங்க எந்தப் பாகம் உடையும்? பேரைச் சொல்லுங்க.

டீசல்காரங்க பேசாம விடற கணக்கு இன்னொண்ணு இருக்கு. 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல்னா பின் வெயிட் (கேம்பரோட இணைப்பு முனை டிரக் மேல அழுத்தற எடை) 20%, அதாவது 2,400. ஹிட்ச் (இணைப்புக் கொக்கி) 200. நாலு பேரும் சாமானும் 650. மொத்தம் 3,250 பவுண்டு டிரக் முதுகுல. ஃபோர்டு எஃப்-250 டிரக் பலதுக்கு மொத்த எடை வரம்பு 10,000. டீசல் எஞ்சின், டர்போ, டிஇஎஃப் (புகையைச் சுத்தம் பண்ற திரவம்) தொட்டின்னு ஏத்தினதும் பேலோடுல (டிரக் மேல ஏத்தக்கூடிய எடையில) 600-லிருந்து 800 வரைக்கும் போயிடும். ஓட்டுநர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. டீசல் எஃப்-250 பல வண்டிகள்ல 2,200, 2,500-தான் இருக்கும். அப்ப எஃப்-350-க்குப் போகணும். டீசலுக்கு ஒரு காசு, பெரிய வண்டிக்கு ஒரு காசு.

#2 கம்மின்ஸ்தாசன்
வந்துட்டாருய்யா ஸ்டிக்கர் சாமி! போன தடவை டிஇஎஃப் இழையில வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்து போச்சு போல.

அண்ணே, உங்க 7.3-க்கு டர்போ கிடையாது. 1,000 அடி ஏறினா 3% சக்தி போகும். டனல் வாசல் 11,158 அடி. மூணுல ஒரு பங்கு அவுட். 430-ன்னு பீத்தினது அங்க 290. 2025 ராம் டிரக்ல வர்ற கம்மின்ஸ் 6.7 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு 1,075 பவுண்டு-அடி, அதுவும் 1,800 ஆர்பிஎம்-லயே. மெல்லிய காத்தை டர்போ அமுக்கிக் குடுத்துடும். நீங்க 4,500-ல அலறிக்கிட்டு வலது லேன்ல ஹசார்டு போட்டுக்கிட்டு வர்றப்ப, டீசல்காரன் பாட்டுக் கேட்டுக்கிட்டே தாண்டிப் போவான்.

#3 சுமைதாங்கி
"காலி"ன்னு ஆரம்பிச்சீங்க, இப்ப "மெதுவா"ன்னு வந்து நிக்கறீங்க. மெதுவாப் போறதுக்கும் உடையறதுக்கும் வித்தியாசம் உண்டுங்க. எந்தப் பாகம்?

#4 புதுசா_கேட்கிறேன்
அண்ணன்மார்களே, சின்ன சந்தேகம். டிராவல் டிரெய்லர், பம்பர் பக்கம் மாட்டறது. மொத்த எடை வரம்பு 7,500 பவுண்டு, பிரோஷர்ல டிரை வெயிட் 5,900. டெக்சாஸ், நியூ மெக்சிகோ பக்கம்தான் ஓட்டம். எஃப்-150 போதுமா? டீசல் தேவையா?

#5 கணக்குப்பிள்ளை
சண்டைக்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடலாம்.

டிரக் 8,000, கேம்பர் 12,000, ஆக 20,000 பவுண்டு. 7% ஏற்றத்தில் பின்னோக்கி இழுக்கும் விசை 1,400 பவுண்டு. மணிக்கு 50 மைல் வேகத்தில் ஏற்றத்துக்கு மட்டும் 187 குதிரைத்திறன் வேண்டும். டயர் உருள்வதற்கு 32. அந்த உயரத்துக் காற்றின் எதிர்ப்புக்கு 37 அளவில். கூட்டினால் 256. பெட்ரோலின் 290-ல் கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் 15% போனால் சக்கரத்துக்கு வருவது சுமார் 245. ஆகவே 7.3 அங்கே 48 மைல் வேகத்தில் ஏறும். 430 குதிரைத்திறன் டீசல் 60-ஐத் தாராளமாகப் பிடிக்கும்.

டனலுக்கு மேற்கே உள்ள சில்வர்தோர்ன் ஊர்ப் பக்கத்திலிருந்து ஏற்றம் சுமார் 8 மைல். 48-ல் போனால் 10 நிமிடம், 60-ல் போனால் 8 நிமிடம். நீங்கள் இருவரும் இந்த 2 நிமிடத்துக்காகத்தான் அடித்துக்கொள்கிறீர்கள்.

எரிபொருள்: இழுக்கும்போது பெட்ரோல் 7.5 எம்பிஜி (கேலனுக்கு மைல்), டீசல் 10.5 என்று வைத்துக்கொள்வோம். 10,000 மைலுக்கு 1,333 கேலன் பெட்ரோல், 952 கேலன் டீசல். கேலனுக்கு 3.20, 3.80 டாலர் என்று எடுத்தால் டீசலில் மிச்சம் சுமார் 650 டாலர். எஞ்சினுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 10,000 டாலர் அளவில். திரும்ப எடுக்க 1,50,000 மைல் இழுக்க வேண்டும். டிஇஎஃப் செலவை இன்னும் சேர்க்கவில்லை.

#6 சுமைதாங்கி
ரெண்டு நிமிஷம்! பத்தாயிரம் டாலர்! கணக்குப்பிள்ளை வாய்க்குச் சர்க்கரை போடணும்.

கம்மின்ஸ்தாசன், பாகத்தோட பேரு இன்னும் வரலீங்க.

#7 கம்மின்ஸ்தாசன்
கணக்குப்பிள்ளை, விக்கிறப்ப டீசலுக்குக் கூடுதலா வர்ற காசை ஏன் சேர்க்கலை? உங்க கணக்கு எப்பவும் ஒரு பக்கமாத்தான் சாயும்.

சரி, பாகம்தானே வேணும்? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட். ராமோட பெட்ரோல் ஹெமி எஞ்சின்ல கடைசி சிலிண்டர் பக்கத்து போல்ட் உடைஞ்சு டிக் டிக்குனு சத்தம் போடறது ஊரறிஞ்ச கதை. போல்ட் ஹெட்டுக்குள்ளயே முறிஞ்சு நிக்கும், வெல்டிங் வெச்சு நட் ஒட்டி உருவணும்.

பிஸ்டன் வேகமும் பார்த்துக்கங்க. 7.3-க்கு ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு தடவை நகர்ற தூரம்) 101 மி.மீ. 4,500-ல சராசரி பிஸ்டன் வேகம் விநாடிக்கு 15 மீட்டர். கம்மின்ஸ் 124 மி.மீ. ஸ்ட்ரோக், 2,800-ல உச்ச சக்தி குடுக்கறப்பவே 11.6-தான். எது சீக்கிரம் தேயும்?

#8 சுமைதாங்கி
7.3 பத்திப் பேசினா ஹெமியைக் கொண்டு வர்றாரு. இருக்கட்டும். அந்த போல்ட் ஏன் உடையுதுன்னு தெரியுமா? மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடாகறப்பவும் ஆறறப்பவும் ரெண்டும் வேற வேற அளவுக்கு நீளும், சுருங்கும். ஓரத்து போல்ட் மேல வெட்டு விசை விழும், ஒரு நாள் முறியும். ஒண்ணுமே இழுக்காம ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடற வண்டியிலயும் உடையுது. காரணம் சூடு-குளிர் சுழற்சி, ஆர்பிஎம் இல்லை. ஹெமியோட லிஃப்டர் (வால்வைத் தள்ற பாகம்) பிரச்சினையும் அப்படித்தான். மணிக்கணக்கா ஐட்லிங்ல விட்டா ரோலருக்கு எண்ணெய் பத்தாதுங்கறதுதான் மெக்கானிக்குங்க சொல்ற காரணம். அதாவது குறைஞ்ச ஆர்பிஎம்!

விநாடிக்கு 15 மீட்டரெல்லாம் பெட்ரோல் எஞ்சினுக்குப் பெரிய வேகமே இல்லை. அழுத்தத்தை ஏன் சொல்லலை? டர்போ டீசல்ல சிலிண்டருக்குள்ள உச்ச அழுத்தம் ரெண்டு மடங்குக்கும் மேல. அதைத் தாங்கத்தானே அவ்வளவு கனம்.

உடையற பாகம் வேணும்னா நான் சொல்றேன்: டீசல் எஞ்சினோட சிபி4 ஃப்யூயல் பம்ப். உள்ள இருக்கிற ரோலர் லிஃப்டர் குறுக்கால திரும்பினா கேம் தண்டைச் சுரண்டும். இரும்புத்தூள் ஃப்யூயல் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன், டேங்க் வரைக்கும் போகும். பம்பை மட்டும் மாத்திப் பிரயோசனமில்லை, மொத்த ஃப்யூயல் சிஸ்டத்தையும் மாத்தணும். 10,000 டாலர். இதுக்கு எந்த ஏத்தமும் வேண்டாம், வீட்டு வாசல்லயே நடக்கும்.

#9 கம்மின்ஸ்தாசன்
ராம்ல சிபி4 வந்தது 2019, 2020 ரெண்டே வருஷம். ரீகால் போட்டு பழைய சிபி3 பம்பை மாட்டினாங்க. 2017-லிருந்து ஜிஎம்மோட டியூராமாக்ஸ் டீசல்ல டென்சோ கம்பெனி பம்ப். சிபி4-ஐ மாட்டின ஃபோர்டு பண்ணின வேலைக்கு டீசல் குலத்தையே திட்டுவீங்களா?

ஃபோர்டுலயும் வாட்டர் செபரேட்டர்ல தண்ணியை ஒழுங்கா வடிச்சு, ஃப்யூயல் ஃபில்டர் ரெண்டையும் நேரத்துக்கு மாத்தி, லூப்ரிசிட்டி (வழவழப்பு) அடிட்டிவ் ஊத்தினா ஓடத்தான் செய்யுது. உராய்வுச் சோதனையில விழற தழும்புக்கு அமெரிக்க டீசல்ல வரம்பு 520 மைக்ரான், ஐரோப்பாவுல 460; தழும்பு சின்னதுன்னா வழவழப்பு ஜாஸ்தி. பம்ப் அந்த ஊர் டீசலுக்குப் போட்டது. தப்பு எஞ்சின்லயா?

#10 சுமைதாங்கி
ஃபில்டர் மாத்தி, தண்ணி வடிச்சு, அடிட்டிவ் ஊத்தி, டிஇஎஃப் ஊத்தி... எஃப்-250 டீசலுக்கு 13 குவார்ட் எண்ணெய், 7.3-க்கு 8. கேம்பர்ல போறது ஓய்வுக்குத்தானுங்களே?

அப்புறம், 4,500-ல எந்தப் பாகம்?

#11 ஸ்காபரோ_மச்சான்
ரெண்டு பேரும் ஆர்பிஎம்மைப் பிடிச்சுக்கொண்டு தொங்கிறியள். எரிபொருள் அடிக்கிற இடத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. 35 அடி ஃபிஃப்த் வீலோட சாதாரண கேஸ் ஸ்டேஷனுக்குள்ள போய்ப் பாருங்கோ. தலைக்கு மேல கூரை எவ்வளவு உயரம், திரும்ப இடம் இருக்கோ, பின்னால வாறவன் எங்க நிப்பான்? டீசல் எண்டால் டிரக் ஸ்டாப்பில லொறி லேனால நேரா உள்ள, நேரா வெளிய. டிஇஎஃப் கூட அதே பம்பில அடிக்கலாம்.

குளிரைப் பற்றியும் சொல்லவேணும். டிஇஎஃப் –11 பாகை செல்சியசில உறையும், ஆனால் தொட்டிக்குள்ள ஹீட்டர் இருக்கு, பயப்பிடத் தேவையில்லை. பயப்பிட வேண்டியது டீசலுக்கு. மார்ச்சில அரிசோனாவில நிரப்பின டீசலோட அல்பேர்ட்டாவுக்குத் திரும்பி வந்தால் மெழுகு கட்டி ஃபில்டர் அடைக்கும். வடக்க வர வர அந்தந்த ஊர் விண்டர் டீசலைக் கலந்துகொண்டு வாங்கோ. ராத்திரியில பிளாக் ஹீட்டரை (எஞ்சினைச் சூடாக்கிற மின்கருவி) செருகி விடுங்கோ.

#12 சுமைதாங்கி
பூமியில பாதிப் பேரு கேம்பரை அக்டோபர்லயே தண்ணிக் குழாய்ல பிங்க் ஆன்டிஃப்ரீஸ் ஊத்தி மூடி வெச்சிடறாங்க. –11-ல யாருக்குங்க கேம்பிங்? பெட்ரோலுக்கு இந்தத் தலைவலியே இல்லைங்கறதை நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க, நன்றி.

#13 ஸ்காபரோ_மச்சான்
குளிர்காலம் முழுக்கத் தெற்க இருந்துபோட்டு வாற சனம் எத்தினை ஆயிரம் எண்டு தெரியுமோ? நான் எழுதினதில முதல் பாதியை வாசிக்கேல்லைப் போல. வசதியான பாதியை மட்டும் வாசிக்கிற பழக்கம்.

#14 புதுசா_கேட்கிறேன்
யாராவது என் கேள்விக்கும்...

#15 சுமைதாங்கி
தம்பி, முதல்ல டிரை வெயிட்டைக் கிழிச்சுப் போடுங்க. அதுல தண்ணி இல்லை, பேட்டரி இல்லை, கேஸ் சிலிண்டர்கூட பல பிரோஷர்கள்ல இல்லை. 7,500-ஐ எடுங்க. டங் வெயிட் (டிரெய்லரோட முனை ஹிட்ச்சை அழுத்தற எடை) 10-லிருந்து 15%, 13-ன்னு வெச்சா 975. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (பார் போட்டு எடையை எல்லா ஆக்சிலுக்கும் பிரிச்சு விடறது) 100. குடும்பம் 600. 1,675 ஆச்சு. எஃப்-150-ல பல வண்டிக்கு ஸ்டிக்கர் 1,500, 1,700-தான். பாக்கப் போற வண்டியோட ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்க. டீசல் பேச்சே உங்களுக்கு வேண்டாம்.

வாங்கினப்புறம் டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்ங்கற எடை மேடையில ஏத்துங்க. முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூணும் தனித்தனிப் பலகையில நிக்கணும். ஒரு தடவை டிரெய்லரோட, ஒரு தடவை டிரக் மட்டும். டிரக்கோட ரெண்டு ஆக்சில் கூட்டுத்தொகையில வர்ற வித்தியாசம்தான் டங் வெயிட்.

#16 கணக்குப்பிள்ளை
பிழை. அது ஃபிஃப்த் வீலுக்குச் சரி. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பார் மாட்டியிருந்தால் எடையில் ஒரு பங்கு டிரெய்லர் ஆக்சிலுக்கே திரும்பிப் போய்விடும். உங்கள் முறையில் டங் வெயிட் குறைவாகக் காட்டும். மூன்று முறை நிறுக்க வேண்டும்: பார் மாட்டி, பார் கழற்றி, டிரக் மட்டும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால்தான் உண்மையான எண்.

#17 கம்மின்ஸ்தாசன்
ஹா ஹா! ஊருக்கெல்லாம் ஸ்டிக்கர் பாடம் எடுக்கிறவருக்கு எடை போடத் தெரியல!

#18 சுமைதாங்கி
புதுசா வர்றவருக்குச் சுருக்கமாச் சொன்னேன். பார் கழட்டணும்னு தெரியாமயா இருக்கும்? கணக்குப்பிள்ளைக்கு யாரையாவது திருத்தலைன்னா தூக்கம் வராது.

#19 கணக்குப்பிள்ளை
"ஒரு தடவை டிரெய்லரோட, ஒரு தடவை டிரக் மட்டும்." உங்கள் வரிதான். மேலே இருக்கிறது.

#20 கம்மின்ஸ்தாசன்
ஏத்தத்தை விடுங்க, இறக்கத்துக்கு வாங்க. அதே டனல்லிருந்து சில்வர்தோர்ன் பக்கம் இறங்கற சரிவுல பிரேக் போன லாரிங்க ஏற சரளைப் பாதை சும்மாவா போட்டு வெச்சிருக்காங்க? கம்மின்ஸ்ல எக்ஸாஸ்ட் பிரேக் பட்டனை அமுக்கினா டர்போவோட இதழ்கள் மூடிக்கும், புகை வெளிய போக முடியாம எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். ஆட்டோ மோடுல போட்டா வேகத்தை அதுவே பார்த்துக்கும். கால் பிரேக் தொடவே வேண்டாம். உங்க 7.3 அங்க டோ-ஹால் (சுமை இழுக்கற மோடு) போட்டு கியரை இறக்கி 5,000-ல அலறும். ஏறறப்ப 4,500, இறங்கறப்ப 5,000. வாழ்க்கை பூரா அலறல்.

#21 சுமைதாங்கி
இறங்கறப்ப ஆக்சிலரேட்டர்ல கால் இல்லை, எரிபொருள் போறதில்லை, சிலிண்டர்ல வெடிப்பே இல்லை. அங்க 5,000-ங்கறது எஞ்சினுக்குச் சுமையா? டிரெய்லருக்குன்னு தனி பிரேக், கேபின்ல பிரேக் கன்ட்ரோலர் எல்லாம் எதுக்கு இருக்கு? கெய்னை (டிரெய்லர் பிரேக் பிடிக்கற அளவை) சரியா வெச்சவனுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாமயும் இறங்கத் தெரியும்.

#22 கம்மின்ஸ்தாசன்
எட்டு மைல் இறக்கத்துக்கு எலெக்ட்ரிக் டிரம் பிரேக்கை நம்பறாராம்! சூடேறினா மேக்னட்டும் லைனிங்கும் என்னாகும்னு போய்ப் படிச்சுட்டு வாங்கண்ணே. அதுவும் ஒரு "பாகம்"தான்.

#23 சுமைதாங்கி
அது கேம்பரோட பாகம். நான் கேட்டது எஞ்சினோட பாகம். டீசல் டிரக் பின்னாடி மாட்டினாலும் அதே டிரம்தானே?

#24 கம்மின்ஸ்தாசன்
அதே டிரம்தான். நாங்க அதைத் தொடறதே இல்லைன்னு ரெண்டு பதிவா சொல்லிக்கிட்டிருக்கேன்.

#25 புதுசா_கேட்கிறேன்
ஸ்டிக்கர் படம் எடுத்துட்டேன். 1,612 இருக்கு. இப்ப எஃப்-250 பெட்ரோலா, இல்ல சின்ன டிரெய்லரா?

#26 ஸ்காபரோ_மச்சான்
எஃப்-250 டீசல் எடும் தம்பி. லொறி லேன் ஞாபகம் இருக்கட்டும்.

#27 சுமைதாங்கி
7,500-க்கு டீசலா! பாத்தீங்களா, இப்படித்தான் ஆளைக் கவுக்கறாங்க. தம்பி, இவரு சொல்றதைக் கேக்காதீங்க. மச்சான், பேலோடு எவ்வளவு மிச்சம் இருக்கும்னு எண்ணைப் போட்டு எழுதுங்க, அப்புறம் பேசலாம்.