மாதிரி ராக்கெட்டுக்குப் பாராசூட் கட்டும்போது எந்தக் கயிற்றுக்கு எந்த முடிச்சு? மலேசியாவின் நாலு ஊர்களிலிருந்து பதில்கள்:

செந்தூல்:
முனைக்கூம்பையும் உடலையும் இணைக்கிற கயிறு அறுந்து போவது குறைவு. முடிச்சு வழுக்கி அவிழ்வதுதான் அதிகம். கெவ்லார் (சூடு தாங்கும் செயற்கை இழை) விறைப்பானது, வழுக்கும். இலாஸ்டிக் இழுபட்டால் மெலியும், மெலிந்ததும் முடிச்சு தளரும். இரண்டுக்கும் ஒரே முடிச்சைப் போட்டால் முனைக்கூம்பு ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்.

கெவ்லாரை மோட்டார் தாங்கும் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, மேலே எபோக்சி பசை பூசுங்க. அந்தக் குழாயை உடலின் நடுவில் பிடிக்கிற முன் வளையத்தில் சின்ன வெட்டு வைத்து அதன் வழியே கயிற்றை மேலே எடுக்கணும். மறுமுனைக்கு 8 வடிவ முடிச்சுக் கண்ணி. இழைகள் குறுக்கே ஏறாமல் பக்கம் பக்கமாகப் படுக்கணும். எச்சில் தொட்டு இறுக்கி, வால் (முடிச்சைத் தாண்டி மிஞ்சும் நுனி) 3 செ.மீ. விடுங்க. கெவ்லார் உருகாது, அதனால் லைட்டரால் நுனியை அடைக்க முடியாது. வெள்ளைப் பசை ஒரு சொட்டு போதும். சூப்பர் குளூ வேண்டாம்: கயிற்றுக்குள் ஊறி விறைத்து, ஊறின ஓரத்திலேயே முறியும்.

போலைன் (bowline) என்கிற கண்ணி முடிச்சைப் பலர் புகழ்வாங்க. இழுவை இருக்கும்வரை அது நிற்கும். குழாய்க்குள் சுருண்டு கிடக்கிற கயிற்றில் இழுவை ஏது?

பட்டர்வொர்த்:
அண்ணே, ஒன்று சேர்க்கணும். இங்கே தெருவுக்குத் தெரு தூண்டில் கடை. அங்கே விற்கிற பின்னல் நூல் பார்க்கக் கெவ்லார் மாதிரியே இருக்கும், ஆனால் பெரும்பாலும் பாலிஎத்திலீன். சுமார் 150 டிகிரியில் உருகிடும், பாராசூட்டை வெளியே தள்ளுகிற வெடிமருந்துச் சூட்டுக்கு ஆகாது. துண்டு வெட்டி லைட்டர் காட்டுங்க. சுருங்கி உருண்டால் அது வேறு நூல், கருகி அப்படியே நின்றால் கெவ்லார்.

பிரிக்பீல்ட்ஸ்:
தம்பி சொன்ன சோதனையைத் தையல் கடை இலாஸ்டிக்குக்குச் செய்ய வேண்டாம், அது எப்படியும் எரியும். அதனால்தான் கீழ்ப்பகுதிக்குக் கெவ்லார், மேலே 6 மி.மீ. இலாஸ்டிக். இரண்டையும் கண்ணிக்குக் கண்ணி கோர்க்கணும். இலாஸ்டிக்கை நன்றாக இழுத்துப் பிடித்தபடியே முடிச்சை இறுக்குங்க. தளர்வாக இருக்கும்போது போட்ட முடிச்சு, முதல் வெடிப்பிலேயே நழுவும்.

கெவ்லார் குழாய் வாய்க்குள்ளேயே முடியணும். வெளியே நீண்டால், பாராசூட் தாமதமாக விரியும் நாளில் மெல்லிய கயிறு அட்டைக் குழாயை ஜிப் திறந்த மாதிரி கிழிக்கும். மொத்த நீளம் உடலைப் போல் மூன்று மடங்கு. 18 மி.மீ. மோட்டார் மட்டுமே நுழைகிற ஒல்லிக் குழாயில் முடிச்சுகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் பாராசூட் சிக்கும், தள்ளித் தள்ளிப் போடுங்க.

மலாய்க் கடைக்காரரிடம் ‘தாலி’ கேட்டால் கயிறுதான் தருவார். மூன்று முடிச்சு போதும் என்று நினைக்கிறவங்க நம்ம ஆட்கள்தான்!

ஆயர் ஈத்தாம்:
பாராசூட் நூல்களுக்கு முடிச்சே தேவையில்லை. கண்ணிகளைச் சமமாகச் சேர்த்து, முனைக்கூம்பு வளையத்தில் நுழைத்து, அந்தக் கண்ணிக்குள் பாராசூட்டையே விட்டு இழுத்தால் இறுகிடும். நூல் முறுக்கிக்கொண்டால் நடுவே தூண்டில் சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) ஒன்று. அதற்கு பாலோமார் முடிச்சு: இரட்டை நூலை வளையத்தில் விட்டு, சாதா முடிச்சிட்டு, கண்ணியைச் சுவிவலுக்கு மேலாகத் தாண்டி இழுக்கணும்.

கெவ்லார் முடிச்சுகளில் 2 லிட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு, பத்து முறை தூக்கித் தளர்த்தி விடுங்க. பிறகு வாலை அளந்து பாருங்க. 3 செ.மீ. 2 ஆகியிருந்தால் அவிழ்த்து மறுபடி போடணும்.